புது பைக்கில் முதல் நெடும்பயணம்: ஷோரூமிலிருந்து கன்னியாகுமரி வரை

புது வண்டிதானே, என்ன ஆகிவிடப்போகிறது என்று டெலிவரி எடுத்த வாரமே கிளம்புபவர்கள் நிறையப் பேர். ஐந்து வருடம் ஓடிய வண்டியில் எது தளரும், எது தேயும், எந்தச் சத்தம் வந்தால் பயப்பட வேண்டும் என்பது ஓட்டுபவருக்குத் தெரியும். புது வண்டியில் இதில் எதுவும் தெரியாது. செயின் முதல் சில நூறு கிலோமீட்டரில்தான் வேகமாகத் தளரும். ஸ்போக், கேபிள், போல்ட் எல்லாம் தங்கள் இடத்தில் உட்காருவதும் அப்போதுதான். ஷோரூமில் சரியாக முறுக்காமல் விட்ட நட்டு ஏதாவது இருந்தால் அதுவும் அந்தத் தூரத்துக்குள் ஆட ஆரம்பித்துவிடும். இவையெல்லாம் வீட்டுக்குப் பக்கத்தில் நடந்தால் சிரமமில்லை. உளுந்தூர்பேட்டை தாண்டி மத்தியான வெயிலில் நடந்தால்தான் சிரமம். முதல் 1000 கிலோமீட்டரைச் சின்னச் சின்ன ஓட்டங்களில் கழித்துவிட்டுத் தூரம் போங்கள்.

கீழே உள்ள கணக்கெல்லாம் சென்னையிலிருந்து கன்னியாகுமரி போகும் 350 சிசி வண்டியை மனதில் வைத்துச் சொன்னவை. 125 சிசி, 150 சிசி வண்டிக்கும் வேகத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் எல்லாம் பொருந்தும்.

முதல் சர்வீஸ் வரை

பெரும்பாலான வண்டிகளுக்கு முதல் சர்வீஸ் 500 முதல் 1000 கிலோமீட்டருக்குள் வரும். கிலோமீட்டர் ஆகாவிட்டாலும் நாள் கணக்கு உண்டு, எது முதலில் வருகிறதோ அதுதான் கெடு. இந்த இடைவெளியில் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் ஒன்றோடொன்று உரசிப் பழகுகின்றன, கியர் பற்களும் அப்படியே. அந்த உரசலில் வரும் நுண்ணிய உலோகத் துகள் ஆயிலில்தான் கலக்கும். முதல் ஆயிலை இவ்வளவு சீக்கிரம் மாற்றச் சொல்வது அதனால்தான். அதே ஆயிலோடு 1500 கிலோமீட்டர் டூர் போய் வருவது இன்ஜினுக்கு நல்லதல்ல, வாரண்டிக்கும் நல்லதல்ல.

ஓட்டும் முறையில் மூன்று விஷயம் முக்கியம். ஆக்சிலரேட்டரை முழுதாகத் திருகாதீர்கள். ஒரே வேகத்தில் மணிக்கணக்கில் ஓட்டாதீர்கள். வேகம் ஏறி இறங்கினால்தான் ரிங் சரியாக உட்காரும். மேல் கியரில் இன்ஜின் திணறத் திணற ஏற்றாதீர்கள். 'மெதுவாகத்தான் போகிறேன்' என்று 40 கிலோமீட்டர் வேகத்தில் டாப் கியரில் உறுமவிடுவது வேகமாகப் போவதைவிடக் கெடுதல். எத்தனை ஆர்பிஎம் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் கணக்கு) வரை போகலாம் என்று வண்டியோடு தந்த மானுவலில் இருக்கும். பக்கத்து வீட்டு அண்ணன் சொல்லும் கணக்கைவிட அதை நம்பலாம்.

புது டயர் மேல் வழுவழுப்பு இருக்கும். முதல் 150, 200 கிலோமீட்டர் வரை வளைவில் அதிகம் சாய்க்க வேண்டாம், ஈர ரோட்டில் இன்னும் கவனம். புது பிரேக் பேடும் முதல் நாள் முழுப் பிடி பிடிக்காது. காலி ரோட்டில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 20 வரை நிதானமாகப் பத்துப் பதினைந்து தடவை பிரேக் பிடித்து விட்டால் பழகிவிடும்.

சர்வீஸ் முடிந்த மறுநாளே கிளம்ப வேண்டாம். ஆயில் டிரெயின் போல்ட் சரியாக முறுக்காமல் போவது, ஃபில்டர் மூடியின் ரப்பர் வளையம் பிதுங்கி ஆயில் கசிவது, செயினைக் கம்பி போல இழுத்துக் கட்டிவிடுவது எல்லாம் பெரும்பாலும் சர்வீஸில் நடப்பவைதான். சர்வீஸுக்கும் பயணத்துக்கும் நடுவே ஒரு வாரமாவது விட்டு, ஒரு ஒத்திகை ஓட்டம் போய் வாருங்கள். சென்னைக்காரர்களுக்கு ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) வழியாகப் புதுச்சேரி சரியான தூரம், ஒரு வழிக்கு சுமார் 150 கிலோமீட்டர். டூருக்குக் கொண்டுபோகும் பையைக் கட்டிக்கொண்டு, பின்னால் ஆள் உட்காருவதாக இருந்தால் அவரையும் ஏற்றிக்கொண்டே போங்கள். சீட் எங்கே குத்துகிறது, பை எந்தப் பக்கம் சாய்கிறது, லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கிறது என்று அந்த ஒரே நாளில் தெரிந்துவிடும். திரும்பி வந்ததும் வண்டிக்கு அடியில் பழைய செய்தித்தாளை விரித்து ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் தாளில் சொட்டு தெரிந்தால் நேராக சர்வீஸ் சென்டருக்கு.

செயின்

புது வண்டியில் பயணத்தைக் கெடுப்பது பெரும்பாலும் செயின்தான். இதை மெக்கானிக்கிடம் விடாமல் நீங்களே கற்றுக்கொள்ளுங்கள், அரை மணி நேர வேலை.

சென்டர் ஸ்டாண்டு போட்டு, நியூட்ரலில் வைத்து, கீழ்ப்பக்கச் செயினின் நடுவில் விரலால் மேலே தள்ளி, கீழே இழுத்துப் பாருங்கள். மொத்த ஆட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்று ஸ்கேல் வைத்து அளக்க வேண்டும். பல வண்டிகளில் 25 முதல் 35 மில்லிமீட்டர். உங்கள் வண்டிக்கு உரிய அளவும், அதை எந்த ஸ்டாண்டில் வைத்து அளக்க வேண்டும் என்பதும் ஸ்டிக்கரிலோ மானுவலிலோ இருக்கும். ஒரு இடத்தில் அளந்து நிறுத்தாதீர்கள். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி நான்கு இடத்தில் அளந்து, எங்கே மிகவும் இறுக்கமாக இருக்கிறதோ அந்த இடத்தை வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும்.

தளர்ந்த செயின் சத்தம் போடும், கியர் மாற்றும்போது உதறும், மிகவும் தளர்ந்தால் கழன்று விழும். ஆனால் இறுகிய செயின்தான் அதிகம் கெடுக்கும், அது சத்தமும் போடாது. பின்னால் ஆளும் பையும் ஏறி சஸ்பென்ஷன் அமுங்கும்போது செயின் இன்னும் இழுபடும். அந்த இழுப்பு முழுவதும் கியர்பாக்ஸ் பேரிங்கில் போய் விழும். சந்தேகமாக இருந்தால் சொன்ன அளவுக்குள் கொஞ்சம் தளர்வான பக்கமாக விடுங்கள்.

சரிசெய்யும் வரிசை இதுதான். பின் ஆக்சில் (சக்கர அச்சு) நட்டைத் தளர்த்துங்கள். இரண்டு பக்க அட்ஜஸ்டரையும் கால் சுற்று கால் சுற்றாக, ஒரே அளவில் திருப்புங்கள். ஸ்விங் ஆர்மில் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) உள்ள கோடுகள் இரு பக்கமும் ஒரே இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள்; ஒரு பக்கம் கூடினால் சக்கரம் கோணலாக நின்று டயரும் ஸ்பிராக்கெட்டும் (செயின் ஓடும் பல் சக்கரம்) ஒருசாய்த்துத் தேயும். ஆக்சில் நட்டை முறுக்கிவிட்டு மறுபடி அளங்கள், முறுக்கும்போதே அளவு மாறுவது உண்டு. பின்னால் டிரம் பிரேக் உள்ள வண்டி என்றால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. சக்கரம் பின்னுக்குப் போனதால் பிரேக் பெடலின் ஆட்டமும், பிரேக் லைட் எரியும் இடமும் மாறியிருக்கும், அதையும் சரிபாருங்கள்.

எண்ணெய் 500 கிலோமீட்டருக்கு ஒரு தடவை. மழையில் நனைந்தால் அன்று ராத்திரியே. ஓட்டி முடித்து செயின் சூடாக இருக்கும்போது, உள்பக்கமாக, சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே ஸ்பிரே அடியுங்கள். காலையில் கிளம்பும்போது அடித்தால் பாதி பின் டயரிலும் மீதி பேண்ட்டிலும் தெறிக்கும். ஸ்பிரே இல்லாவிட்டால் இபி 90 கியர் ஆயிலைத் துணியில் நனைத்துத் தடவினாலும் போதும். இன்ஜினை ஓடவிட்டு, கியரில் போட்டு, சுற்றுகிற செயினைத் துணியால் துடைக்கவே துடைக்காதீர்கள். அப்படி விரலைப் பறிகொடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

டயரும் பஞ்சரும்

காற்றை காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். ஓடிச் சூடான டயரில் மூன்று நான்கு பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) கூடத்தான் காட்டும். அதைப் பார்த்து இறக்கிவிட்டால் மறுநாள் காலை குறைவாக இருக்கும். முன், பின், தனியாக ஓட்ட, ஆளோடு ஓட்ட என்று தனித்தனி அளவு செயின் கார்டிலோ ஸ்விங் ஆர்மிலோ ஒட்டியிருக்கும். பையும் ஆளும் ஏறினால் பின் டயருக்கு ஆளோடு ஓட்டும் அளவைப் போடுங்கள். பெட்ரோல் பங்க் மீட்டர் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது, சொந்தமாக ஒரு சின்ன கேஜ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அலாய் வீல் வண்டிகளில் பெரும்பாலும் டியூப்லெஸ் டயர். அதற்கு ஊசி, அரம், ரப்பர் திரி, பசை உள்ள ஒரு பஞ்சர் கிட், காற்றடிக்க 12 வோல்ட் பம்ப்போ கால் பம்ப்போ இருந்தால் போதும். பம்ப் வாங்கினால் அதை யுஎஸ்பி சார்ஜர் வயரில் செருகாதீர்கள். அது இழுக்கும் கரண்டுக்கு ஃபியூஸ் போய்விடும். பேட்டரி முனையில் நேராக மாட்டும் கிளிப் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

ஆணி தெரிந்ததும் பிடுங்காதீர்கள். காற்று மெதுவாகத்தான் இறங்குகிறது என்றால் காற்றடித்துக்கொண்டே அடுத்த பஞ்சர் கடை வரை போய்விடலாம். அங்கேயே போட வேண்டியிருந்தால், முதலில் ஊசிக் கண்ணில் ரப்பர் திரியைப் பாதி நீளம் வரை கோத்து, பசை தடவித் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். ஆணி எந்தச் சாய்வில் ஏறியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே குறட்டால் பிடுங்குங்கள். அதே சாய்வில் அரத்தை உள்ளே விட்டு நாலைந்து முறை முன்னும் பின்னும் இழுத்து ஓட்டையைச் சுத்தம் செய்யுங்கள். திரி கோத்த ஊசியை, வெளியே ஒரு சென்டிமீட்டர் வால் நிற்கும்வரை அழுத்தி, திருகாமல் வெடுக்கென்று நேராக இழுங்கள். திருகினால் திரியும் கூடவே வந்துவிடும். வாலை டயரோடு ஒட்ட அறுக்காமல் மூன்று மில்லிமீட்டர் விட்டு வெட்டி, காற்றடித்து, எச்சில் தொட்டு வைத்துப் பாருங்கள், குமிழி வந்தால் இன்னொரு திரி. பத்துக் கிலோமீட்டர் போனதும் மறுபடி அழுத்தம் பார்க்க வேண்டும். டயரின் பக்கச் சுவரில் ஏறிய ஆணிக்கு இந்த வைத்தியம் செல்லாது.

ஸ்போக் வீல் என்றால் பெரும்பாலும் டியூப் டயர்தான். அதற்கு முன், பின் இரண்டு அளவிலும் ஸ்பேர் டியூப் கொண்டுபோங்கள். கிராமத்துப் பஞ்சர் கடையில் கழற்ற, மாட்ட ஆள் உண்டு. 19 இஞ்ச் டியூப்தான் இருக்காது. ஸ்போக்கைக் கிளம்பும் முன் ஒரு ஸ்பேனரால் வரிசையாகத் தட்டிப் பாருங்கள். எல்லாம் கணீரென்று ஒரே மாதிரி ஒலிக்க வேண்டும், மொத்தென்று கேட்டால் அது தளர்ந்தது.

காகிதங்கள்

ஆர்சி, இன்சூரன்ஸ், லைசென்ஸ் மூன்றும் அரசின் ஆப்களான டிஜிலாக்கரிலோ எம்பரிவாகனிலோ இருந்தால் சட்டப்படி செல்லும். ஆனாலும் ஒரு நகல் பையில் இருக்கட்டும், ஃபோன் பேட்டரி தீர்ந்த நேரத்தில்தான் செக்கிங் வரும். நிரந்தரப் பதிவெண் வராமல் வெளிமாநிலம் போக வேண்டாம். பதிவான நாளிலிருந்து ஓராண்டு வரை புகைச் சான்று தேவையில்லை. 2018 செப்டம்பரிலிருந்து புது இருசக்கர வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு ஐந்து வருடத்துக்குச் சேர்ந்தே வருகிறது. அதைப் பார்த்துவிட்டு 'ஐந்து வருடம் இன்சூரன்ஸ் இருக்கிறது' என்று இருந்துவிடாதீர்கள். உங்கள் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கான பாலிசி பெரும்பாலும் ஒரு வருடம்தான். வழியில் நின்றால் வண்டியைத் தூக்கிப் போகும் வசதி அதில் உண்டா என்று பார்த்து, அந்த எண்ணை ஃபோனில் ஏற்றுங்கள்.

மூட்டை

எடை கீழே, நடுவே, இரு பக்கமும் சமமாக. இதற்கு மேல் பெரிய சூத்திரம் இல்லை. கனமானவை, அதாவது டூல்ஸ், தண்ணீர், பூட்டு, இரண்டு பக்கத் தொங்கு பையின் அடியில் போகட்டும். துணி மட்டும் சீட் மேல். பின் கேரியரில் 15 கிலோவைத் தூக்கி வைத்தால் முன் சக்கரம் லேசாகி, லாரிக் காற்றுக்கே ஹேண்டில் ஆடும். சைலன்சர் பக்கத்துப் பை எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று ஆள் உட்கார்ந்த நிலையில் பாருங்கள், காலியாக இருக்கும்போது தெரியும் இடைவெளி நம்பத்தக்கதல்ல. கொக்கி போட்ட ரப்பர் கயிறு ஒன்றை மட்டும் நம்பாமல், பக்கிள் வைத்த பட்டை வாங்குங்கள். கட்டிய பிறகு தொங்கும் நுனி ஒவ்வொன்றையும் முடிந்துவிடுங்கள். ஒரு முழம் நாடா செயினில் சிக்கினால் பின் சக்கரமே பூட்டிக்கொள்ளும்.

டூல்ஸில் இவை போதும்:
- உங்கள் ஆக்சில் நட்டுக்குச் சேரும் ஸ்பேனர் (வீட்டிலேயே போட்டுப் பார்த்தது), 8 முதல் 17 வரை ஸ்பேனர்கள், ஆலன் கீ செட், குறடு
- ஸ்பேர் ஃபியூஸ், கேபிளில் ஓடும் கிளட்ச் என்றால் ஒரு ஸ்பேர் கேபிள், செயின் லாக் (செயினின் இரு முனையையும் இணைக்கும் கண்ணி)
- கேபிள் டை, இன்சுலேஷன் டேப், எம்சீல், இரண்டு மீட்டர் கட்டுக்கம்பி
- பழைய துணி, நெற்றியில் மாட்டும் டார்ச்

ஃபோனை ஹேண்டில்பாரில் நேராகப் பூட்டுவதற்கு முன் யோசியுங்கள். பெரிய சிங்கிள் சிலிண்டர் இன்ஜினின் அதிர்வு ஃபோன் கேமராவின் ஆட்டம் தாங்கும் பாகத்தைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-இல் அறிவித்தது. அதிர்வு தாங்கும் ரப்பர் வைத்த ஹோல்டர் போடுங்கள், அல்லது ஃபோனைச் சட்டைப் பையில் வைத்து வழியைக் காதில் கேளுங்கள். எக்ஸ்ட்ரா லைட்டுக்காக வண்டியின் வயரை வெட்டி ஒட்டினால் எலக்ட்ரிகல் வாரண்டி போனதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

உடுப்பில் பணம் குறைவென்றால் வரிசை இப்படி: ஐஎஸ்ஐ முத்திரையுள்ள முழு ஹெல்மெட், அடுத்து கையுறை, அடுத்து கணுக்காலை மூடும் ஷூ, அதன் பிறகு ஜாக்கெட், முழங்கால் கார்டு. பின்னால் உட்காருபவருக்கும் இதே வரிசைதான்.

பாதையும் நேரமும்

சென்னையிலிருந்து திருச்சி சுமார் 330 கிலோமீட்டர். அங்கிருந்து மதுரை வழியாகத் திருநெல்வேலி சுமார் 300. திருநெல்வேலியிலிருந்து கன்னியாகுமரி 85 சொச்சம். முதல் பயணத்துக்கு இந்த மூன்று துண்டுதான் சரி. 700 கிலோமீட்டரை ஒரே நாளில் ஓட்டியதாகச் சொல்பவர்கள் மறுநாள் எப்படி நடந்தார்கள் என்பதைச் சொல்வதில்லை. நான்கு வழிச் சாலையிலும் டீ, பெட்ரோல், சாப்பாடு சேர்த்தால் மணிக்கு சராசரி 50 கிலோமீட்டர்தான் வரும்.

காலை நாலரை, ஐந்துக்குக் கிளம்பினால் ஆறு மணிக்குள் செங்கல்பட்டைத் தாண்டிவிடலாம். ஏழு மணிக்கு மேல் பெருங்களத்தூர், கூடுவாஞ்சேரியில் மாட்டினால் அந்த ஒரு மணி நேரமே உங்களைக் களைக்கவைத்துவிடும். 70, 80 கிலோமீட்டருக்கு ஒரு தடவை இறங்கி நடங்கள். கோடையில் 11 முதல் 3 வரை ஓட்டாதீர்கள். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் நிறுத்தும் ஒவ்வொரு இடத்திலும் தண்ணீர் குடியுங்கள், ஒரு ஓஆர்எஸ் பாக்கெட் கையில் இருக்கட்டும். மாலை ஆறுக்குள் ரூமில் இருக்க வேண்டும். இருட்டில் டெயில் லைட் இல்லாத கரும்பு டிராக்டர் விழுப்புரம் பக்கம் எதிர்பார்க்க வேண்டியதுதான்.

மத்திய அரசின் 2018 அறிவிக்கை நான்கு வழிச் சாலையில் பைக்குக்கு 80 கிலோமீட்டரை உச்ச வேகமாக வைத்தது. புது ஆளுக்கு அதுவே தாராளம். டோல்கேட்டில் பைக்குக்குக் கட்டணம் இல்லை, இடது ஓரப் பாதையில் போய்விடலாம். அந்தப் பாதையில் ஆயிலும் மணலும் கிடக்கும், மெதுவாகப் போங்கள்.

சாலை நடுவே மீடியன் திறந்திருக்கும் இடம் எல்லாமே ஆபத்துதான். எதிர்த்திசையில் ஓரமாக வருகிற டூவீலரும், திடீரென்று குறுக்கே திரும்பும் ஷேர் ஆட்டோவும் அங்கேதான் வருவார்கள். ஊர்ச் சாலைகளில் அறுவடைக் காலத்தில் கம்பு, கொள்ளு, உளுந்துச் செடியை ரோட்டிலேயே பரப்பி வைத்திருப்பார்கள். அதன் மேல் ஏற வேண்டாம். சக்கரம் வழுக்கும், தண்டு செயினில் சுற்றிக்கொள்ளும், காய்ந்த சருகு சூடான சைலன்சரில் ஒட்டினால் தீப்பிடிக்கவும் கூடும். வேறு வழியில்லை என்றால் நடக்கும் வேகத்தில், பிரேக்கைத் தொடாமல் நேராகத் தாண்டி, தாண்டியதும் நிறுத்திச் செயினையும் சைலன்சரையும் பாருங்கள்.

பெட்ரோலைப் பாதிக்குக் கீழே போகவிடாமல் போடுங்கள். 13 லிட்டர் டேங்க், லிட்டருக்கு 33 என்றால் கணக்குப்படி 400 தாண்டும். ஆனால் எதிர்க்காற்றிலும் சுமையிலும் அந்தக் கணக்கு உதைக்கும்.

காற்றும் மலையும்

ஜூன் முதல் செப்டம்பர் வரை காவல்கிணறு, முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் நிற்கும் இடத்தில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்று லேசானதல்ல. தெற்கே போகும்போது அது வலப்பக்கத்திலிருந்து தள்ளும். வேகத்தை 60-க்குக் குறைத்து, ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காமல், முழங்காலால் டேங்கைக் கவ்விக்கொள்ளுங்கள். உங்களை வலப்பக்கமாக லாரி முந்தும்போது அது காற்றை மறைக்கும், வண்டி சட்டென்று லாரிப் பக்கம் இழுபடும். லாரி தாண்டிய அடுத்த நொடியே காற்று மறுபடி அறையும். முந்த வரும் லாரியைக் கண்ணாடியில் பார்த்ததுமே இடது பக்கமாக ஒதுங்கி இடம் விட்டுவிடுங்கள். பாம்பன் சாலைப் பாலத்திலும் இதே கதை.

முதல் பயணத்திலேயே மலை ஏறுவதாக இருந்தால் 20 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட ஏற்காட்டில் தொடங்குங்கள். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40, கொல்லிமலைக்கு 70, அவை அப்புறம். வளைவுக்கு முன்பே கியரைக் குறையுங்கள், வளைவுக்குள் கிளட்சைப் பிடிக்காதீர்கள். இறங்கும்போது ஏறிய அதே கியர். நியூட்ரலில் பெட்ரோல் மிச்சம் பிடிக்க நினைத்தால் முழுச் சுமையும் பிரேக் பேடில் விழுந்து, பாதி மலையில் பிடிமானம் மங்கிவிடும். நீலகிரி, கொடைக்கானல் போகும் வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் முறை இருக்கிறது, கிளம்பும் முன்பே எடுத்துவிடுங்கள். முதுமலை, பந்திப்பூர் வழி இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை மூடியிருக்கும்.

நின்றுபோனால்

புது ஆட்களின் வண்டி 'ஸ்டார்ட் ஆகவில்லை' என்றால் பாதிக்குமேல் பழுதே இருக்காது. இந்த வரிசையில் பாருங்கள்: இன்ஜினை அணைக்கும் சிவப்பு கில் சுவிட்ச் தட்டுப்பட்டு ஆஃப் ஆகியிருக்கிறதா, சைடு ஸ்டாண்டு இறங்கியிருக்கிறதா, நியூட்ரல் விளக்கு எரிகிறதா, கிளட்சை முழுதாகப் பிடித்திருக்கிறீர்களா. வண்டி கீழே விழுந்து எழுந்த பிறகு ஸ்டார்ட் ஆகாவிட்டால் சாவியை ஆஃப் செய்து, சில நொடி விட்டு மறுபடி ஆன் செய்யுங்கள். சாய்ந்தால் பெட்ரோலை நிறுத்தும் சென்சார் அப்போதுதான் விடும். அதன் பிறகு ஃபியூஸ், பேட்டரி முனை. புது வண்டியில் பேட்டரி முனை ஸ்க்ரூ தளர்ந்திருப்பது அபூர்வமே அல்ல.

ஏற்றத்தில் இன்ஜின் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. லீவரில் ஆட்டமே இல்லாமல் கேபிள் இறுகியிருக்கும். லீவர் பக்கத்து அட்ஜஸ்டரைத் திருப்பித் தளர்த்துங்கள்.

விபத்துக்கு 108, தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033. தமிழ்நாட்டுச் சாலைகளில் அடிபடுபவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை 'இன்னுயிர் காப்போம்' திட்டம் ஏற்கிறது. வெளிமாநிலத்தவருக்கும் உண்டு. திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையா என்று கேட்டுச் சேருங்கள்.

திரும்பிய பிறகு

கன்னியாகுமரியோ தனுஷ்கோடியோ போயிருந்தால் உப்புக் காற்றும் மணலும் வண்டி முழுக்க ஒட்டியிருக்கும். அன்று தங்கும் இடத்திலேயே நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, செயினுக்கு எண்ணெய் போடுங்கள், வீடு வரும்வரை விட்டால் போல்ட் தலையும் ஸ்போக்கும் துருப்பிடிக்கத் தொடங்கிவிடும். வீட்டுக்கு வந்ததும் ஆயில் அளவு, பிரேக் பேட் தடிமன், செயின் ஆட்டம், டயரில் ஏறிய கல் பாருங்கள். ஆயிலைப் பார்க்கும்போது சமதரையில் வண்டியை நிமிர்த்தி, இன்ஜினைக் கொஞ்சம் ஓடவிட்டு அணைத்து, சில நிமிடம் கழித்து இன்ஜினில் ஆயில் தெரியும் சின்னக் கண்ணாடியில் பாருங்கள். புது இன்ஜின் கொஞ்சம் ஆயில் குடிப்பது இயல்புதான். கீழ்க்கோட்டுக்கும் அடியில் போயிருந்தால் மட்டும் கவலைப்படுங்கள். அடுத்த சர்வீஸின் கிலோமீட்டர் கெடு இந்தப் பயணத்திலேயே தாண்டியிருந்தால் அந்த வாரமே வண்டியை விடுங்கள். சர்வீஸுக்கு விடும்போது எழுதும் ஜாப் கார்டில் வழியில் கேட்ட சத்தம், எந்த வேகத்தில் எந்த கியரில் கேட்டது என்று எழுதிக் கொடுங்கள். 'ஏதோ சத்தம் வருது' என்று மட்டும் சொன்னால் வண்டியைக் கழுவித்தான் திருப்பித் தருவார்கள்.